இரண்டும் ஏழும்

பகலில் மின்சார மீட்டர் படிப்பவன் நான்.
திருப்பாதிரிப்புலியூரில் எண்ணூறு வாசல், எண்ணூறு எண்.
ஒன்றிலாவது புதிர் உண்டா?

அதனால்தான் இரவில்
ஒன்பதுக்கு ஒன்பது கட்டம் கீறி
அதற்குள் ஒரு டப்பாவை ஒளித்தேன்.

டப்பா இருப்பது தேவனாம்பட்டினத்தில்,
கெடிலம் கடலைத் தொடுமுன் தயங்குமிடத்தில்,
ஒரு சவுக்கின் வேரடியில்.
வடக்கே பதினொன்று, கிழக்கே எழுபத்தொன்பது
என்பதுவரை எவருக்கும் சொல்வேன்.
மொத்தக் கடலூரும் அதில் அடங்கும்.
மிச்சத்தை,
தெருவை, மரத்தை, வேரைக் காட்டும்
புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களைக்
கட்டத்துக்குள் பூட்டினேன்.
ஊகிக்க வேண்டாம், யோசித்தால் போதும் என்று
கீழே ஒரு வரி. கொஞ்சம் கர்வம்.

ஆறு வாரம் கழித்துப் போனேன்.
கையெழுத்துத் தாள் வெள்ளையாகவே இருந்தது.

"நீயும் டப்பா தேடுறவனா?
அங்க இல்ல. இங்க வா."

கிழக்கே, மீன் காயும் மணலில், அஞ்சலாட்சி.

"ஞாயித்துக்கெழம ஆனா ரெண்டு பேரு.
போனப் பாத்துக்கினே வந்து நெத்திலிய மிதிக்கிறானுங்க.
இன்னாடா வேணும்னா, பேரு எழுதணுமாம்.
எழுதுங்கடா இதுலன்னு குடுத்துட்டேன்."

கடன் நோட்டு.
சங்கரா நூற்று நாற்பது, கொளஞ்சி.
காரப்பொடி அறுபது, பாக்கி.
நடுநடுவே நீல மையில்
தேதி, மணி, ஊர்:
விருத்தகிரி, நெய்வேலி.
ஆரோக்கியமேரி, முத்தியால்பேட்டை.
பதினொரு பேர்.

அவள் கருவாட்டுக்கும் என் சவுக்குக்கும்
தொண்ணூறு மீட்டர்.

அங்கேயே குந்தி மணலில் போட்டுப் பார்த்தேன்.
நாலு கட்டம்.
இரண்டு, ஏழு,
ஏழு, இரண்டு.
இடம் மாற்றினேன். குறுக்கே சரி,
நெடுக்கே சரி. ஒரு விதியும் முறையிடவில்லை.
ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி அடித்து
ஒன்றை எனக்கே தெரியாமல்
இவளிடம் போட்டிருக்கிறேன்.

திருத்துவது சுலபம்.
அந்த நாலில் ஒன்றை நானே நிரப்பித் தந்துவிட்டால்
வேறு வழியே இருக்காது.
இரண்டென்றால் சவுக்கு.

"இன்னா கோலம் போடுற? பேர எழுது."

பன்னிரண்டாவதாக எழுதினேன்.
கால் கிலோ நெத்திலி கட்டித் தந்தாள்.
சட்டைப்பையில் மீட்டர் சீட்டு மட்டும்.
என் பேருக்கு நேரே
எண்பது என்று அவளே குறித்துக்கொண்டாள்.

அன்றிரவு அந்தக் கட்டத்தில்
பேனாவால் ஏழு போட்டேன்.
எண்பது
இன்னும் பாக்கி.