நிறுத்தல்

செவ்வாய் ஒன்பது முதல் இரண்டு வரை மின்தடை என்று
மஞ்சூர் தேயிலை ஆலைப் பலகையில்
சாக்பீஸில் எழுதியிருந்தார்கள்.
மூடுபனியில் ‘தடை’ கரைந்து
‘மின்’ மட்டும் மிஞ்சியிருந்தது.

அணை அணையாய் நீரைப் பிடித்து
சமவெளிக்கு வெளிச்சம் அனுப்பும் மலை இது.
சிரித்திருப்பேன்.
கெத்தை வழிக் கொண்டை ஊசிகள்
வயிற்றில் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தன.

சர்வர் அறை,
முன்பு சாக்கு அடுக்கிய இடம்.
செருப்பைக் கழற்றச் சொன்னார் போஜன்.
“சாமிக்கில்லீங்க, சேறு.”

முதலில்
யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.
திரையில் ஒரே பெயர்: எடை-2.
பிக்கட்டிக் கொட்டகையில் யோகராசா.
போனில் கேட்டேன், “நிறுத்தலாமா?”
“நிறுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”
“இல்ல, நான் இங்க நிறுத்தலாமான்னு.”
“நீங்க எதை நிறுக்கப் போறீங்க?”

பதினொரு பேர் வரிசையில்.
பொத்தான் என் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில்.
அழுத்திப் பிடித்தால் ஐந்தே நொடி.
யாருடைய கொழுந்தோ
பதினாலு புள்ளி என்று நின்றுவிடும்,
புள்ளிக்குப் பிறகு ஒன்றுமில்லாமல்.

காத்திருந்தேன்.
எட்டு ஐம்பத்திரண்டுக்கு அந்தப் பெயர் அணைந்தது.

கணக்கை முதலில் மூடு.
எழுதியதெல்லாம் தட்டில் இறங்கட்டும்.
பிறகு பெட்டி. கடைசியில்தான் பேட்டரி.
இரண்டு வயர் அதற்கு,
ஒன்றைப் பிடுங்கினால் மற்றதில் மூச்சு விடும்.
இரண்டையும் பிடுங்கி,
செத்த பொத்தானை அழுத்தி
முப்பது எண்ணத் தொடங்கினேன்.
ஒன்றிலேயே ஒரு விசிறி
கால் சுற்று சுற்றி நின்றது.
மிச்சம் இருந்திருக்கிறது.

முப்பது வரை எண்ணிவிட்டுத்தான் கையை எடுத்தேன்.

போஜன் தலையைத் தூக்கினார்.
“தகரத்துல சொட்டுது, கேக்குதா?”
எத்தனையோ வருடமாய்ச் சொட்டிக்கொண்டிருந்ததாம்.

மணிக்கட்டில் நீலப் பட்டி,
பட்டியின் வால் இரும்புச் சட்டத்தில்,
சட்டம் மண்ணில்.
உப்பும் கரியும் இட்ட அந்தக் குழிக்கு
ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தவர்,
“காட்டெருமை நிக்குது, வெளிய போகாதீங்க” என்றார்.

விசிறி இதழ்களில் தேயிலைப் பஞ்சு, தவிட்டு நிறத்தில்.
தூரிகை பட்டதும் மணந்தது.
தாய்ப்பலகையின் மூலையில்
ஒரு ரூபாய் அகலத்தில் கடிகார பேட்டரி.
நகத்தால் நெம்பி எடுத்தேன்.
பழையதற்கும் புதியதற்கும் நடுவே
அந்தப் பெட்டிக்கு நேரம் கிடையாது.

இரண்டு மணிக்குக் கரண்டு வந்தது.
கதவிடுக்கில் பனியும் வந்திருந்தது.
இரும்பு வியர்த்தால் மின்சாரம் கூடாது.
அரை மணி, உலர்த்தும் அறைக் காற்றைத் திருப்பிவிட்டு
வெளிவாசலில் டீ குடித்தோம்.
எருமை போன தடத்தில் செடிகள் இன்னும் நிமிரவில்லை.

மூட்டினேன். கத்தியது,
பிறகு தணிந்து தன் பழைய சுருதிக்கு வந்தது.
அப்போது பார்த்து போன்.
பேசிக்கொண்டே, தேதியைப் பார்க்காமல்
எண்டரைத் தட்டினேன். என் தப்பு.

ஆறு பேருடைய கொழுந்து
2010, ஜனவரி ஒன்று,
நள்ளிரவு தாண்டி நாலு நிமிடம் என்று ஏறியிருந்தது.
நாலாவது பெயர் கெப்பியம்மாள், ஒன்பதரை கிலோ.
பெட்டி உடனே
அந்த வருட விலையைப் போட்டுக் கொடுத்திருந்தது.
போஜன் எட்டிப் பார்த்தார்.
“அந்தச் சரிவுல அப்போ முட்டைக்கோஸுங்க.
செடியே நடல.”

ஆறு வரிகளையும் கையால் திருத்தினேன்.
ரிஜிஸ்டரில் அவர் எழுதினார்:
நின்றது 8.52. எழுந்தது 2.41.
காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்து
எடுத்துவிட்டார்.

நாலரை பஸ்.
கெத்தை இறங்கும்போது
சில்லறை தேடிய விரலில்
ஒரு சின்னத் திருகாணி.

எந்த மூடியுடையது என்று தெரியும்.