உவர்மலை இறக்கம்

ஆயிரம் கிலோமீற்றருக்கு முக்கால் லீற்றர்
குடிக்கிறது என் பழைய ஹொண்டா.
நிலத்தில் ஒரு சொட்டில்லை.
இரவு அடியில் விரித்த பேப்பரில்
மரண அறிவித்தல்கள்
அப்படியே வாசிக்கக் கிடந்தன.

சபறுள்ளா பிளக்கைக் கழற்றி மணந்து பார்த்தான்.
கறுப்பு. ஈரம்.
‘ரிங் போயிருக்கும்’ என்றேன்.
‘போயிருக்கும் எண்டு எஞ்சினைப் பிரிக்கேலா.’
கொம்பிரசன் பார்த்தான்.
சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு
மறுபடி பார்த்தான்.
முள் அதே இடத்தில் நின்றது.

‘உவர்மலையால இறங்குங்க,
கியர்லயே, திரொட்டிலை மூடி.
கீழ வந்து ஒரு முறுக்கு.
பின்னால ஆராச்சும் வரட்டும்.’

சிவகௌரி வந்தாள், தன் ஸ்கூட்டியில்.
மரங்களுக்கிடையில் துறைமுகம்
தெரிந்து மறைந்து தெரிந்தது.
அடியில் முறுக்கினேன்.
எனக்கு முன்னால் வெறும் வீதி,
ஒரு மாடு.

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி
‘நீலம்’ என்றாள்.
‘குப்பெண்டு ஒருக்கா. பிறகு இல்லை.’

‘வால்வு சீல்’ என்றான் சபறுள்ளா,
கை துடைத்தபடி.
‘சின்னச் செலவு.’

‘போன மாரியில இருந்தே நீலம்தான்’ என்றாள் இவள்.
‘என்னட்டக் கேட்டனீங்களே?’

நான்
வெறும் ஒயில் போத்தலின் மூடியை
இறுக்கிக்கொண்டு நின்றேன்.