மனை எண் 47, மபேலா

எண்ணும் கருவியோடு மூன்று மாலை
பேருந்து நிறுத்தத்தில் நின்றேன்.
கார் ஆயிரத்து அறுநூற்றுப் பதினொன்று. லாரி நாற்பது.
நடைபாதையில் நடந்தவர் ஒருவர்,
அவரும் வழி தவறி வந்தவர்.

மற்றவர்கள் காலி மனையின் குறுக்கே போனார்கள்,
கையில் குப்பூஸ் பொட்டலம், அக்குளில் ஹெல்மெட்.
முகாமுக்கும் குஞ்ஞாலி கடைக்கும் நடுவே
செருப்புகள் போட்ட கோடு,
ஓரிடத்தில் மட்டும் வளைந்து.
எப்போதோ அங்கே தண்ணீர் லாரி நின்றிருக்கிறது.
லாரி போய்விட்டது,
வளைவு போகவில்லை.
படிவத்தில் இவர்களுக்குக் கட்டம் இல்லை.

அலுவலகத்தில் இப்போது இரண்டாயிரத்து நாற்பத்தைந்து.
ரொவேனா மரம் நடுகிறாள்,
சொடுக்குக்கு ஒன்று, தண்ணீர் வேண்டாம்.
மனை 47 ஊதா நிறம்:
கடைகள், திரையரங்கு, மேலே ஆறு மாடி.
படத்தில் உலவும் ஒருவருக்கும் வியர்க்கவில்லை.
என் விசா பிப்ரவரியோடு முடிகிறது.

"கட்டடம் ஏன் நடுவில் பிளந்திருக்கிறது?"
பொறியாளர் ஹிலால் கேட்டார்.
"காற்று வர, சார். கடல் காற்று."
"நான்கு மீட்டரா?"
"நான்கு."
"இந்த வளைவு?"
"அழகுக்கு."

அவர் இந்த ஊரில் பிறந்தவர்,
கடல் எந்தப் பக்கமென்று அறிந்தவர்.
வரைபடத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.
திரும்ப நேராக வைத்தார்.
பேனா கேட்டார்.

கோப்பில் அதன் பெயர் காற்றுவழி.
இன்று மாலை அந்த மணலில்
குஞ்ஞாலி கடைவரை நடந்தேன்.
முன்னால் பலர், பின்னால் பலர்.
கருவி பையில் கிடந்தது.