ஒன்பதுக்குக் கீழே

ஆகஸ்டு. ஊர் முழுக்க வெந்த தக்காளி வாசம்.
இரவு இரண்டு மணிக்கு லூசியா பெட்டன்கோர்ட்
பாய்லரின் கண்ணாடித் துளையில் கண் வைக்கிறாள்.
உள்ளே நீலச் சுடர்.
இறுக்கமாய், நுனிவரை கூராய், அசையாமல்.
அழகாக இருக்கிறது. அதுதான் சிக்கல்.

"பதினொன்று புள்ளி மூன்று" என்கிறான் தோவா யாங்,
கருவியின் திரையிலிருந்து தலை தூக்காமல்.
காலை எட்டுக்குச் சோதிக்க வருபவர்களுக்கு
ஒன்பதுக்குக் கீழே வேண்டும்.
பத்து லட்சத்தில் ஒன்பது.
வெளியே நிற்கும் ஒரு லாரித் தக்காளியில்
மூன்று பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
மூன்று பழத்துக்கா இவ்வளவு என்று
மேலாளர் நேற்றுக் கேட்டார்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்.
யாரோடும் சேராது.
நம் நுரையீரலுக்குள் போய்
எதையும் தொடாமல் திரும்பி வரும் விருந்தாளி.
சும்மா கிடந்த சங்கு.
சூடு மிஞ்சும்போது நாம்தான் ஊதிவிடுகிறோம்.
பிறகு அது ஆக்சிஜன் கையைப் பிடித்துக்கொண்டு
புகைபோக்கி ஏறி வெளியே போய்
வெயிலுக்குக் காத்திருக்கும்.
கலிஃபோர்னியாவின் இந்தப் பள்ளத்தாக்கில்
வெயிலுக்கா பஞ்சம்?
மதியத்துக்குள் கிழக்கே மலை காணாமல் போகும்.
எதிரே பள்ளிக்கூடத்துக் கம்பத்தில்
சிவப்புக் கொடி ஏறும்:
இன்று விளையாட்டு கூரைக்குக் கீழே.

ஆகவே சுடரைக் கொஞ்சம் கெடுக்க வேண்டும்.

புகைபோக்கிக்குப் போகும் புகையில் ஒரு பங்கை
வழிமறித்து விசிறியின் வாய்க்குத் திருப்புகிறாள்.
விட்ட மூச்சையே மறுபடி இழு
என்கிறாள் நெருப்பிடம்.
தடுப்புத் தகட்டில் கால் சுற்று.
சுடர் நீள்கிறது. விளிம்பு மங்குகிறது.
"பத்து புள்ளி ஆறு."
இன்னும் கால் சுற்று.
"ஒன்பது புள்ளி எட்டு."
இன்னும்.
"எட்டு புள்ளி ஒன்..."
அவன் குரலில் சிரிப்பு ஏறுவதற்குள்
பாய்லர் உறுமத் தொடங்குகிறது.

முதலில் காலடியில்.
பிறகு தோவாவின் காபியில் வளையம் வளையமாக.
பிறகு கடைவாய்ப் பல்லில்.
கார்பன் மோனாக்சைடு நாற்பது, தொண்ணூறு, முந்நூறு.
பாதி எரிந்தும் எரியாமலும்
திணறுகிறது நெருப்பு.
அவன் ஹ்மாங்கில் ஏதோ கத்துகிறான்.
அவளுக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.
கை அதற்குள் திருப்பிவிட்டிருந்தது.

அமைதி.
குழாயில் நீர் கொதிக்கும் சத்தம்
இப்போதுதான் கேட்கிறது, இருவருக்கும்.

சூடு கூடினால் அந்த விஷம்.
மூச்சு குறைந்தால் இந்த விஷம்.
நடுவே சுடர் நிற்க இருப்பது
நகக்கண் அகலம்.
அதைத் தேடி மூன்று மணி நேரம்,
திரையைப் பார்க்காமல்,
இரும்புச் சுவரில் உள்ளங்கை வைத்து,
அரைக்கால் சுற்று, அதிலும் பாதி.
தோவா மட்டும் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தான்,
தூங்குகிறவன் பெயர்களை முனகுவதுபோல.

எட்டு புள்ளி ஏழு.
மோனாக்சைடு இருபத்திரண்டு.
சுடர் இப்போது அழகாக இல்லை.
அகலமாய், சோம்பலாய், கொஞ்சம் வெளிறி
தன் புகையையே தின்றுகொண்டு எரிகிறது.
லூசியா தடுப்புத் தண்டில் வெள்ளைப் பெயின்டால்
ஒரு கோடு இழுத்துத்
தொடாதே என்று எழுதினாள், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்.
மூன்றாவது வரியை
தோவா தன் கையால் எழுதினான்.

வெளியே வந்தாள்.
நீராவிக்குக் காத்திருந்த பதினான்கு லாரிகள்,
பதினான்கு என்ஜின்களும் ஓடிக்கொண்டிருந்தன.
எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.
முதல் லாரியின் கதவைத் தட்டினாள்.
கண்ணாடி இறங்கியது; ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது.
"ஆரம்பிச்சாச்சா?" என்றான் ஓட்டுநர்.
"ஆச்சு. இதைக் கொஞ்சம் நிறுத்தேன்."
அவன் அவளையும் வரிசையையும் பார்த்தான்.
"நான் ஒருத்தன் நிறுத்தினா?"

மூன்று பழம் என்று சொல்ல நினைத்தாள்.
சொல்லவில்லை.

கிழக்கே மலை இருந்தது,
பல் தேய்த்ததுபோல் பளிச்சென்று.
இன்னும் ஆறு மணி நேரம் இருக்கும்.