1 4 2 5 3

முதலில் சொன்னது சமையலறைக் கதவு.
மேல் மூலையைச் செதுக்கினோம்.
ஐப்பசியில் மறுபடி இடித்தது, மறுபடி செதுக்கினோம்.
பிறகு ஒரு நாள் பையனின் கோலிக்குண்டு
அவன் உருட்டாமலே
வாஷிங் மெஷின் பக்கமாகப் போனது.

தேவகோட்டையிலிருந்து இன்ஜினியர் ஆரோக்கிய டெய்சி
விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டி
தேதி எழுதினாள்.
பதினோராம் நாள், குக்கரின் மூன்றாம் விசிலில்
அது உடைந்தது.
எனக்கு மட்டும் கேட்டது.

"இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"
சொர்ணலிங்கம் மின்விசிறியைப் பார்த்தார்.
நான் சொன்னேன்: ஊருணி.
தெற்குப் பாதி கரை. வடக்குப் பாதி தண்ணீர் நின்ற பள்ளம்.
இடித்த கட்டடக் குப்பையை லாரி லாரியாகக் கொட்டி
மனை எண் போட்டு விற்றார்கள்.
காரைக்குடியில் வேறெங்கும் இல்லாத விலை.
ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை,
கேட்டால் ஏற்றிவிடுவார்கள் என்பதுபோல.

கோயம்புத்தூர்க்காரன் டேப்லெட்டோடு வந்தான்.
தரையில் துளை, துளைக்குள் ரசாயன நுரை,
நுரை உப்பி வீட்டைத் தூக்கும்,
சாமான் நகர்த்த வேண்டாம், இரண்டே நாள்.
இவருக்கு அந்த இரண்டே நாள் பிடித்துவிட்டது.
டெய்சி ஒரு பிடி மண்ணை முகர்ந்து என்னிடம் நீட்டினாள்.
கழனிவாசல் கிளினிக்கில் ஒன்பது வருடமாக
டாக்டருக்குப் பக்கத்தில் உறிஞ்சுகுழாய் பிடிப்பவள் நான்.
சொத்தைப் பல்லைத் திறந்ததும் வரும் அதே வாடை.
அதன் மேல் அடைத்தது எத்தனை நாள் நிற்கும் என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மெல்லிய பைல் இறக்கலாம், நாற்பதடியில் பாறை.
எந்திரத்தின் அகலம் ஏழடி, சந்து ஆறரை.
அரையடிக்காக மதிலை இடிக்கலாமா என்று
பக்கத்து வீட்டு அடைக்கம்மையைக் கேட்கப் போனோம்.
முழுதும் கேட்டுவிட்டு,
"அப்ப எங்க வீடும் அதே பள்ளத்துலதானே?" என்றாள்.
அன்றிரவு அவள் வீட்டு விளக்கு அணையவில்லை.

மீதி, கையால் தோண்டுவது.
அஸ்திவாரத்துக்கு அடியில் குழி, கெட்டி மண் வரை கான்கிரீட்.
எட்டடியில் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொன்னாள்.
"நாற்பது நாளா!" என்றார் இவர்.
"அடியை நான் கண்ணால பாக்கணும்" என்றேன்.
அது டெய்சிக்கும் காரணமாகப் பட்டதா, தெரியாது.

மொத்தமாகத் தோண்டினால் வீடு உட்கார்ந்துவிடும்.
மேஸ்திரி சாத்தையா வடக்குச் சுவரில் சாக்பீஸால் எழுதினார்
1 4 2 5 3
"பின்கோடா? ஒரு நம்பர் குறையுதே" என்றான் பையன்.

ஒன்றில் எட்டரை அடியில் கடப்பாரை ணங்கென்றது.
இரண்டில் ஐந்தடியிலேயே படிகள்.
செம்பூராங்கல், மூன்று படி, ஊருணியுடையது.
தெருவே வந்து போட்டோ எடுத்தது.
கல்லே வந்தாச்சு, இதோடு நிறுத்தலாமே என்று
இவர் மனசுக்குள் மூட்டைக் கணக்குப் போட்டார்.
டெய்சி குழிக்குள் இறங்கிக் குதிகாலால் மிதித்தாள்.
படி அசைந்தது.
"கல்லுதான் சார். சேத்துல மிதக்குற கல்லு."
ராக்கன் சம்மட்டியை எடுத்தான்.
அரை மணி நேரத்தில் படி ஜல்லியாகிவிட்டது.

கான்கிரீட்டுக்கும் பழைய அஸ்திவாரத்துக்கும் நடுவே
இரண்டு விரல் இடைவெளி விட்டார்கள்.
அது இறுகிய பிறகு, பாதி ஈரச் சிமெண்ட் கலவையை
அந்த இடுக்கில் குத்திக் குத்தி நிரப்ப வேண்டும்.
"பாரம் கை மாறுறது இங்கதான்" என்றார் சாத்தையா.
இவர் சட்டையைக் கழற்றிவிட்டு
தானே கட்டையை வாங்கிக்கொண்டார்.
இருட்டும் வரை குத்தினார்.
நுரையைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

இன்று நான்காம் குழி.
அடுப்புக்கு நேர் கீழே வெற்றிடம்,
மேலே ரசம் கொதிக்கிறது.
அடைக்கம்மை வந்து டெய்சியின் நம்பரைக் கேட்டாள்,
மதிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

புதுக் கண்ணாடிக்கு இது ஆறாம் நாள்.
நான் குக்கரில் இரண்டு விசிலோடு
அடுப்பை அணைத்துவிடுகிறேன்.