வலமிருந்து இடம்

முத்தியால்பேட்டையில் சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
ஏழு பேர், ஆறு முக்காலி, ஒரே மீட்டர்.
மீட்டருக்கு மட்டும் தேக்குப் பெட்டி, பூட்டு,
உள்ளே பச்சை வெல்வெட் என்றார்கள்.
எனக்கு அது மண் நிறம்.
யாரிடமும் சொல்லவில்லை.

முதல் வாரம் கையைப் பழக்கினோம்.
காய்ந்த இரும்பின் நுனியில் ஈயம்
மீன்கண்ணாய் உருண்டால் தப்பு,
நெய்யாய்ப் பரவினால் சரி.
இரண்டாம் வாரம் பயத்தைப் பழக்கினோம்.
செட்டை அணைத்த பிறகும் கண்டென்சர் அணையாது.
ஸ்க்ரூடிரைவரால் அதன் கால்களைச் சேர்த்துத் தொட்டு
பட்டென்று ஒரு பொறி வாங்கியபின்தான் விரல் போகலாம்.
இடக்கை எப்போதும் பையில்
என்றது சுவரில் ஒட்டிய தாள்.
வேட்டிக்குப் பை ஏது?
வெற்றிலைப் பொட்டலம் மாதிரி
என் கையை நானே இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் நிறங்கள்.
நிலக்கடலை அளவு ரெசிஸ்டர், அதன்மேல் மூன்று கோடு.
கருப்பு பூஜ்யம், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு
என்று ராயப்பன் ஜெபமாலை உருட்டுவான்.
பச்சை ஐந்தில் எனக்கு மூச்சு நிற்கும்.
பழுப்பு கருப்பு சிவப்பென்றால் ஆயிரம்,
பழுப்பு கருப்பு பச்சையென்றால் பத்து லட்சம்.
என் கண்ணுக்கு இரண்டும்
ஒரே மரத்துப் பட்டை.

பத்து லட்சம் இருக்கவேண்டிய இடத்தில்
ஆயிரத்தை வைத்து ஸ்விட்சைத் தட்டினேன்.
யாரோ ஒரு சொல்தா சைகோனிலிருந்து
கப்பலில் கொண்டுவந்த பெட்டி அது.
டயலில் ஹனோய், பாரிஸ்,
எனக்கு வாசிக்க வராத நாலைந்து ஊர்.
அத்தனை ஊரும் அரை நிமிடம் வெளிச்சமாய் நின்று
புகைக்குள் போயின.

ராயப்பன் என்னை மார்க்கெட்டுக்கு இழுத்துப்போனான்.
மிளகாய்க் கூடைமுன் நிறுத்தி
"பழுத்ததா எடு" என்றான்.
தடவித் தடவி எடுத்தேன்.
எடுத்ததைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
பேசாமல் ஓரணா கொடுத்து வாங்கிக்கொண்டான்.
மறுநாளிலிருந்து மீட்டர்ச் சாவி
என் பக்கத்து ஆணியில் தொங்கியது.
எப்படியென்று நான் கேட்கவில்லை.

அந்த முள்ளை எனக்குப் பிடித்தது.
வோல்ட்டும் ஆம்பியரும் இடமிருந்து வலம் நடக்க
ஓம் மட்டும் வலமிருந்து இடம்.
வலக்கோடியில் பூஜ்யம், இடக்கோடியில்
படுத்துக்கிடக்கும் எட்டு, எண்ணி முடியாதது.
நடுவில் எங்கே நின்றாலும்
சாயம் பார்த்து நின்றதில்லை.

தேர்வுக்குக் கடலூரிலிருந்து ஒருவர் வந்தார்.
அட்டையில் பத்து ரெசிஸ்டர் தைத்துக் கொண்டுவந்தார்.
மீட்டர் கூடாது, கண் போதும் என்றார்.
பத்தில் மூன்று சரி.
அதிலும் ஒன்று குருட்டாம்போக்கு.

மத்தியானம் ஓர் ஊமைப் பெட்டி.
வால்வுகள் எரிகின்றன, இரைச்சல்கூட இல்லை.
ஆறு பேரும் படத்தை விரித்துக் கோடுகளை ஒப்பிட்டார்கள்.
மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. நாற்பத்தேழாயிரம். சரி.
அடுத்ததும் சரி. எல்லாமே சரி.
எனக்கு ஒப்பிட ஏதுமில்லை.
ஒவ்வொன்றிலும் ஒரு காலைக் கழற்றி
முள்ளிடம் கேட்டுக்கொண்டே போனேன்.
ஒன்பதாவதில் முள் எழுந்திருக்கச் சோம்பியது.
நாற்பத்தேழாயிரம் என்று பூசியிருந்த சரக்கு
ஒன்பது லட்சம் காட்டியது.
குருசுக்குப்பத்து உப்புக்காற்றை
எத்தனை வருடம் குடித்ததோ,
சாயம் மட்டும் கலையவில்லையாம்.

வந்தவர் தன் மீட்டரை வைத்துப் பார்த்தார்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.
"பார்த்தால் தெரியாதே இது" என்றார்.
ஆமாம் சார் என்றேன்.

சான்றிதழில் இரண்டே வரி.
நிறம் அறிதல், தேறவில்லை.
பழுது அறிதல், தேர்ச்சி.
கீழே வட்டமாய் ஒரு முத்திரை.
சிவப்பாம்.
ராயப்பன் சொன்னான்.