பதினேழு மில்லிமீட்டர்

வியாழக்கிழமை காலை ஜாடியைத் திறந்தேன்.
ஐந்து நாள், முப்பத்தேழு டிகிரி,
காற்றைப் பாதி மறுத்து வளர்த்த பயிர்.
தட்டு எண் நாற்பத்தொன்று:
ரத்த அகார் மேல்
தெரிந்தும் தெரியாமலும் ஒரு கூட்டம்.

இது முனிரத்தினத்தின் வயிற்றில் இருந்தது.
விஷாரத்துத் தோல்ஷாப்பில் வேலை.
குழாய் தொண்டைக்குள் இறங்கியபோது
மாதிரி வாங்க நின்ற என்
ட்ரேயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
கிள்ளி எடுத்த சதை நொய்யரிசி அளவு.
யூரியாவில் போட்டதும்
மஞ்சள் நீர் ரோஸாகி
ஆமாம் என்றது.

நான் அதன் மேல் வைத்தது
ஆறு காகிதப் பொட்டு.
மணத்தக்காளி, வில்வம், அதிமதுரம், ஆவாரம்பட்டை,
ஜவ்வாது மலைக் கடுக்காய்.
ஆறாவதில் வெறும் தண்ணீர்,
பொய் சொல்லத் தெரியாத சாட்சி.

மணத்தக்காளியைக் கிருமி சட்டை செய்யவே இல்லை
(நேற்று ராத்திரியும் அதில்தான் குழம்பு வைத்தேன்).
கடுக்காயைச் சுற்றி மட்டும்
ஒரு வெட்டவெளி.
அளவுகோலை வைத்தேன். பதினேழு மில்லிமீட்டர்.
திருப்பி வைத்தேன்.
பதினேழு.

மதியம் அவரே வந்தார், மாத்திரைச் சீட்டோடு.
"இன்னா மேடம், செத்துச்சா?"
தட்டில் செத்தது, என்றேன்.
"எதுல?"
கடுக்காய் என்றதும் சிரித்துவிட்டார்.
கைகளை விரித்தார்: ரேகைவரை பழுப்பு.
"இருவது வருசமா அதுலதான் ஊறிக்கினு கீறேன்.
செத்த மாட்டுத் தோலே
அழுவிப் போவாம நிக்குது அதால.
உள்ள கீறது மட்டும் எப்டி தப்பிச்சிச்சு?"

தட்டில் வயிறு இல்லை.
அமிலம் இல்லை, வழவழப்பு இல்லை,
ராத்திரி ஷிப்டில் வெறும் வயிற்றில் இறங்கும்
மூன்றாவது டீ இல்லை.
ஒளிந்துகொள்ள ஒரு மடிப்பு இல்லை.
இதை எப்படிச் சொல்வதென்று பார்ப்பதற்குள்
சட்டைப் பையிலிருந்து பொட்டலம் எடுத்தார்,
ஷாப்பில் இடித்த தூள்.
"இத்த சாப்ட்டா மாத்திரை வேணாம்ல?"

அதில் சுண்ணாம்பு கலந்திருக்கலாம்,
வேறு என்னவும் கலந்திருக்கலாம்.
வாங்கி மேஜைமேல் வைத்தேன்.
பதினாலு நாள் என்றேன்.
வலி நின்றாலும் நிறுத்தக்கூடாது என்றேன்.
மருந்துக்கடைக் கவுன்ட்டர் பேசுவதுபோல இருந்தது.

தட்டைக் காட்டிக் கேட்டார்:
"அப்ப இது எதுக்கு?"

ஆற்காடு பஸ்ஸுக்கு அவர் கிளம்பிய பின்
நாற்பத்தொன்றை ஆட்டோகிளேவில் ஏற்றினேன்.
நோட்டில் 17 என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
அதற்குக் கட்டம் இல்லை,
அடித்துவிட்டேன்.

பொட்டலம் மேஜைமேல்தான் இருக்கிறது.
பிரிக்கவில்லை.
நாக்கில் துவர்க்கிறது.